மொட்டைப்பனைக்குக் கிழக்கே பதினாலு எட்டு

சிவலட்சுமியின் குளத்தில் டீசல் மிதக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவை வாத்துகள். கூட்டைத் திறந்துவிட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குதிக்கிற ஏழும், தைப்பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலை, கரையில் நின்றபடி அவளையே திரும்பிப் பார்த்தன. ‘இதுக்குள்ளையோ எங்களை இறங்கச் சொல்லுறாய்?’ என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவள் கிட்டப்போய்க் குனிந்தாள். தண்ணீரின் மேல் ஊதாவும் மஞ்சளும் பச்சையுமாக மெல்லிய படலம். விரலால் தொட்டு மூக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே ஈரக்கரையில் குந்திவிட்டாள்.

விசுவமடுவில் வேறு எந்த வளவில் இது நடந்திருந்தாலும், எங்கிருந்து வந்தது, யார் ஊற்றியது என்று ஊரையே இரண்டாக்கியிருப்பார்கள். சிவலட்சுமி யாரையும் கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். பதினாறு வருடமாக அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

இரண்டாயிரத்தெட்டு மார்கழியில், சண்டை நெருங்கி, இனி ஊரில் இருக்க முடியாது என்று ஆனபோது, கொண்டுபோக முடியாததையெல்லாம் சனம் மண்ணுக்குள் வைத்தது. தையல் மெசின், பித்தளைக் குடம், கலியாண அல்பம். ஆளாளுக்கு ஒரு மரத்தைக் குறிவைத்து, அதிலிருந்து காலால் எட்டு வைத்து எண்ணிப் புதைத்தார்கள். திரும்பி வந்தபோது மரங்களும் இல்லை, வேலிகளும் இல்லை. எட்டு எண்ணினவர்களிலும் பலர் இல்லை.

சிவலட்சுமியின் கணவன் புவனேந்திரன் உழவு மெசின் திருத்துகிறவன், வெல்டிங்கும் செய்வான். அவன் புதைத்தது ஒரு பரல் டீசல், பெரிய இரும்புப் பீப்பாய் நிறைய. ஒரு போத்தல் டீசலுக்கு மனிதர் நாள் முழுக்க அலைந்த காலத்தில், துளித்துளியாகச் சேர்த்து ஒரு பரலை நிரப்பி வைத்திருந்தான் அந்த மனிதன். அவளும் பிள்ளையும் நித்திரையாய்க் கிடந்த ஒரே இரவில் தனியாகவே கிடங்கு வெட்டி, இறக்கி, மூடிவிட்டான். பிறகு அவளைக் கூப்பிட்டு, வளவின் மூலையில் நின்ற மொட்டைப்பனையிலிருந்து கிழக்கே நடந்து காட்டினான். பதினாலு எட்டு.

“இதிலை நீ கை வைக்காதை, லட்சுமி. நான் வந்து எடுப்பன். திரும்பி வந்து முதல் உழவு இந்த டீசலாலைதான்.”

பங்குனியில், ஒதுங்கியிருந்த இடத்திலிருந்து இரண்டு கானை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனவன் திரும்பவில்லை. கண்டேன் என்று சொல்லவும் ஒருவர் இல்லை, செத்தான் என்று சொல்லவும் ஒருவர் இல்லை.

மீண்டும் ஊருக்கு வந்தபோது, வீடு இருந்த இடத்தில் எருக்கலை நின்றது. ஆனால் மொட்டைப்பனை நின்றது. அவனுடைய நீளக்காலின் பதினாலு எட்டு அவளுக்கு இருபது. எத்தனை தரம் நடந்து பார்த்திருப்பாள் என்று அந்தப் பனையைக் கேட்டால் தெரியும். இருபதாவது எட்டில் நின்று காலடி மண்ணைப் பார்ப்பாள். அவ்வளவுதான். மண்வெட்டி போடவில்லை. பரல் மண்ணுக்குள் கிடக்கும்வரை, அதை எடுக்க வரவேண்டிய ஆளும் எங்கோ இருக்கிறான். இதுதான் அவளுடைய கணக்கு. பிழையான கணக்கு என்று அவளுக்கும் சில நாட்களில் தோன்றும். அந்த நாட்களில் அவள் வேறு வேலை பார்ப்பாள்.

அந்தப் பனையடித் துண்டை அவள் யாரையும் உழ விட்டதில்லை. மண்ணுக்குள் மிதிவெடி ஏதும் வெடிக்கும் என்று பயப்படுகிறாள் என ஊர் நினைத்தது. அவளும் நினைக்க விட்டுவிட்டாள். வளவுக்கொரு குளம் வெட்டித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் மண் அள்ளும் பெக்கோ மெசினைக் கொண்டுவந்தபோதுகூட, “அங்காலை போகவேண்டாம், இஞ்சாலை வெட்டுங்கோ” என்று மல்லுக்கு நின்றாள். அவர்களும் அலுத்துப்போய் ஆறடி தள்ளி வெட்டினார்கள். ஆறடி எதற்குக் காணும்? இத்தனை மாரி குடித்த பரல் எங்கோ ஓரிடத்தில் கறல் பிடித்து ஓட்டையாகி, நிலத்து நீர் ஏற ஏற, உள்ளே இருந்த டீசல் மண்ணுக்குள்ளால் ஊர்ந்து, குளத்தின் மேற்குக் கரையால் கசியத் தொடங்கிவிட்டது.

மணம் அடுத்த வளவுக்கும் போனது. சின்னராசா வேலியால் எட்டிப் பார்த்தார். கைபிடியைப் பிடித்து நடந்து உழுகிற லாண்ட்மாஸ்டர் மெசின் வைத்திருக்கிறவர், தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்து காடு வெட்டின காலத்திலிருந்து இந்த மண்ணில் நிற்கிறவர். உதவி செய்வதென்றால் முதல் ஆள். யோசித்துச் செய்வதென்றால் மட்டும் கொஞ்சம் பிந்திவிடுவார்.

“உதுக்கேன் தங்கச்சி யோசிக்கிறாய்? சட்டையிலை எண்ணெய் பட்டால் என்ன போடுறது?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சவர்க்காரத் தூள் பை ஒன்றைக் கொண்டுவந்து குளத்தில் கொட்டி, ஒரு தடியால் கலக்கியும் விட்டார். நுரை எழும்பியது. எண்ணெய் மறைந்தது. சின்னராசாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. பின்னேரம் ஐந்தாறு யப்பான் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவர் வேலிப்பக்கமே வரவில்லை.

வேறு வழியில்லாமல் சிவலட்சுமி மகளுக்குப் போன் எடுத்தாள். கிருசாந்தி வவுனியாவில் கம்பஸில் தொழில்நுட்பம் படிக்கிறாள்.

“தூள் போட்டனீங்களோ?” மறுமுனையில் குரல் உயர்ந்தது. “அம்மா, தூள் போட்டால் எண்ணெய் போகாது. தண்ணிக்குள்ளை கலந்துபோடும். பிறகு வழிச்செடுக்க ஏலாது. தயவுசெய்து இனி ஒருத்தரும் ஒண்டும் போடாதேங்கோ. நான் நாளைக்கு வாறன்.”

சொன்னபடி மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் நேரே குளத்துக்குப் போனாள். கரையில் நின்று மூச்சை இழுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சிவலட்சுமி பின்னால் வந்து, “என்ன மோனை?” என்றாள்.

“அம்மா, எனக்கு அப்பான்ரை முகம் ஞாபகமில்லை. நீங்கள் சொல்லிச் சொல்லித்தான் நான் ஒரு முகத்தை நினைச்சு வைச்சிருக்கிறன். ஆனால் இந்த மணம் ஞாபகமிருக்கு. தூக்கி வைச்சிருக்கேக்கை சேட்டிலை மணக்கும். இது அப்பான்ரை மணம்.”

சிவலட்சுமிக்குச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் பிள்ளை மண்வெட்டி எடுப்பாள். “தேத்தண்ணி ஊத்தட்டே?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அடுப்பு மூட்டும்போது கண் கலங்கியதற்கு, புகையில் பழியைப் போட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் வளவு மெசின் திருத்துகிற கராச்சாகிவிட்டது. கிருசாந்தி முதலில் வெறும் சோடாப் போத்தல்களை மூடியோடு கயிற்றில் கோத்து ஒரு நீள மாலையாக்கினாள். மாலையின் கீழே உரப்பையைத் தைத்துத் தொங்கவிட்டு, அதன் அடியில் சைக்கிள் செயினைப் பாரமாகக் கட்டினாள். அதைக் குளத்தில் விட்டு இரண்டு பேரும் இரண்டு கரையால் இழுத்துவர, பரவிக் கிடந்த எண்ணெய் ஒரு மூலைக்கு ஒதுங்கித் தடித்தது. மாட்டை வளைத்துப் பட்டிக்குள் விடுகிற மாதிரித்தான்.

பிறகு மெசின். ஆறங்குலப் பிளாஸ்டிக் குழாயில் கை நீளத்துக்கு ஒரு துண்டு. இரண்டு பக்கமும் மூடி, நடுவால் ஒரு இரும்புக் கம்பி, கம்பியின் நுனியில் சைக்கிள் பெடல். இந்த உருளை தண்ணீரில் பாதி தாழ்ந்து நிற்கும்படி, இரண்டு பக்கமும் வெறும் கான்களைக் கட்டி மிதக்கவிட்டாள். உருளையை உரசிக்கொண்டு நிற்க, தன் பழைய றப்பர்ச் செருப்பை வெட்டி ஒரு நீள அலகு. அலகுக்குக் கீழே எண்ணெய் வழிந்தோட ஒரு பீலி. பீலியின் வாயில் ஒரு வாளி.

“எண்ணெய் வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலை ஒட்டும், தண்ணி ஒட்டாது,” என்றாள் மகள். “நீங்கள் பெடலைச் சுத்துங்கோ. கெதியாய்ச் சுத்தினால் தண்ணியும் சேர்ந்து வரும். மெல்ல மெல்ல.”

சிவலட்சுமி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிச் சுற்றினாள். உருளை திரும்பியது. அதன் முதுகில் மெல்லிய தேன் நிறத்தில் டீசல் ஒட்டிக்கொண்டு வர, செருப்பு அதை வழித்துப் பீலியில் விட, முதல் சொட்டு வாளியில் விழுந்தது. வேலிக்கு அங்காலிருந்து, “வேலை செய்யுது!” என்று ஒரு குரல். இரண்டு நாளாக ஒளித்திருந்த சின்னராசா, மன்னிப்புக் கேட்கிற பாவனையில் இரண்டு வெறும் கான்களோடு வந்து நின்றார்.

“என்ன பிள்ளை, கம்பஸிலை செருப்புத்தானோ படிப்பிக்கிறவை?”

“தூள் போடக்கூடாதெண்டும் படிப்பிக்கிறவை, மாமா,” என்றாள் கிருசாந்தி. மனிதர் போய் வாளி மாற்றினார்.

உருளையில் ஒட்டாத மெல்லிய படலம் இன்னும் மினுங்கிக்கொண்டு கிடந்தது. சிவலட்சுமி வீட்டுக்குள் போய்த் தன் தலையணையை எடுத்துவந்து தண்ணீரில் போட்டாள். உள்ளே இலவம் பஞ்சு. மாரியில் கூரை ஒழுகி நனையும்போதெல்லாம் அது தண்ணீரைக் குடிப்பதில்லை, தலை எண்ணெயை மட்டும் நன்றாகக் குடிக்கும் என்று அவள் கண்டிருக்கிறாள். தலையணை படலத்தை உறிஞ்சிக்கொண்டு மிதந்தது. மகள் தாயை ஒரு புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் குளம் துடைத்துவிட்ட கண்ணாடிபோலக் கிடந்தது. வாத்துகளும் இறங்கின. மறுநாள் காலை எண்ணெய் திரும்ப வந்திருந்தது.

கிருசாந்திக்கு எரிச்சல். சிவலட்சுமிக்கோ, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோசம். எழுந்ததும் தலைகூட வாராமல் குளத்துக்கு வந்து பெடலைப் பிடித்துவிடுவாள். மெல்ல மெல்லச் சுற்றுவாள். அவன் துளித்துளியாகச் சேர்த்ததை அவளும் துளித்துளியாகச் சேர்த்தாள். ஒரு வாளி, ஒரு கான், இரண்டு கான். இப்படியே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வரட்டும், நான் வழித்துக்கொண்டே இருக்கிறேன், பரல் தன்பாட்டில் கிடக்கட்டும் என்று மனதுக்குள் ஒரு ஒப்பந்தமும் எழுதிவிட்டாள். மகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இந்த முகத்தில் ஒருநாளும் காணாத ஒரு மலர்ச்சி. அழுக்குத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்றுகொண்டு ஏன் அம்மா சிரிக்கிறா என்று அவளுக்கு விளங்கவில்லை.

எண்ணெய் திரும்பி வந்த நாலாம் நாள் விடியற்காலையில், காற்று எழும்புமுன், கிருசாந்தி கரையில் குந்திக்கொண்டு காத்திருந்தாள். முதல்நாள் குளத்தை ஒரு பொட்டு இல்லாமல் துடைத்து வைத்ததே இதற்காகத்தான். வெளிச்சம் வர வர அவள் கண்டாள். மேற்குக் கரையின் களிமண் வெடிப்பிலிருந்து ஒரு சின்ன நிறவட்டம் வந்து தண்ணீரில் விரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதே இடம். கரைக்கு மேலே பார்த்தாள். அம்மா உழவே விடாத பனையடித் துண்டு.

அவள் அலவாங்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, சிவலட்சுமி அந்தத் துண்டின் நடுவில், பனியில் நனைந்த புல்லில், சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எழும்புங்கோ அம்மா. இதுக்கு அடியிலை ஏதோ கிடக்கு.”

“கிடக்கட்டும்.”

“என்ன கதை கதைக்கிறீங்கள்? கிணத்துக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்? இண்டைக்குக் குளத்துக்கு வாறது நாளைக்குக் குடிக்கிற தண்ணிக்கு வராதோ?”

சிவலட்சுமி புல்லைத் தடவினாள். “அப்பா வைச்சவர்,” என்றாள். “ஒரு பரல் டீசல். தான் வந்துதான் எடுப்பன் எண்டவர். என்னைக் கை வைக்கவேண்டாம் எண்டு சொன்னவர்.”

மகளின் கையிலிருந்த அலவாங்கு மெல்லப் புல்லில் சாய்ந்தது. “உங்களுக்கு இடம் தெரியுமோ? இவ்வளவு காலமும்?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ எடுப்பம் எண்டுவாய். நான் எடுத்தால்...” அவள் ஒரு புல்லைப் பிடுங்கினாள். “நான் எடுத்தால் அவர் வரமாட்டார் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ, பிள்ளை.”

கிருசாந்தி தாயின் பக்கத்தில் வந்து அதே ஈரப்புல்லில் உட்கார்ந்தாள். சண்டை பிடிக்கத்தான் வந்தாள். ஆனால் தாயின் கை டீசலில் ஊறி வெடித்திருப்பதைக் கண்டதும் அது எங்கோ போய்விட்டது. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, அப்பா வந்து நிண்டு பார்க்கிறார் எண்டு வையுங்கோ. தன்ரை டீசல் கிணத்துக்குள்ளை இறங்குது, பிள்ளை அந்தத் தண்ணியைக் குடிக்குது. என்ன சொல்லுவார்?”

சிவலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பேசுவார். ‘விசரியே, பார்த்துக்கொண்டு இருக்கிறாய்’ எண்டு பேசுவார்.” வெயில் பனையின் கழுத்துக்கு வந்தபோது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். “மண்வெட்டியைத் தா. நீ கொத்தாதை. நான்தான் கொத்துவன்.”

இரண்டடியில் பொலித்தீன் தட்டுப்பட்டது. அதன் கீழே ஒரு தகரம். தகரத்தைக் கிளப்பினால், கறுப்புக் கிறீஸ் விரல் தடிப்புக்குப் பூசிய பரலின் மூடி. நேற்றுத்தான் பூசியது போலிருந்தது. சிவலட்சுமி முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் கிறீஸை வழித்தாள். வழிக்கும்போது விரலில் ஏதோ தடக்கியது. இரும்பில் தழும்புபோல ஒரு தடிப்பு. அது வளைந்து போனது, ஏறியது, இறங்கியது. வெல்டிங் வைத்து எழுதிய எழுத்து.

அந்தக் காலத்தில் எல்லோரும் சாமான்களில் பெயர் போட்டார்கள். இடம்பெயர்ந்து போன இடத்தில் ஆளாளுடைய குடமும் பெட்டியும் மாறிப்போகும். போட்டது எப்போதும் வீட்டு ஆம்பிளையின் பெயர்தான். புவனேந்திரன் போட்ட குடங்களிலும் பெட்டியிலும் ‘புவனம்’ என்றுதான் இருந்தது. அவள் விரல் அதைத்தான் தேடியது. ‘பு’ வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தடவினாள். வெறும் பரலாக இருந்தபோதே, கராச்சில் வைத்து, அவளுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறான். நெளிந்து நெளிந்து, ‘ட்’டுக்குப் புள்ளி வைக்க மறக்காமல்.

லட்சுமி.

அவ்வளவுதான். அவனுடைய பெயர் எங்கேயும் இல்லை.

“அம்மா?” என்றாள் கிருசாந்தி. “என்ன எழுதிக் கிடக்கு?”

சிவலட்சுமி கிறீஸ் கையோடு பரலின் மூடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வந்து எடுப்பன் என்று வாயால் சொன்னவன், தான் வராமலும் போகலாம் என்று இரும்பில் எழுதி வைத்திருக்கிறான். யாராவது கிண்டினால், இது யாருடையது என்று கேள்வி வந்தால், பதில் அங்கேயே இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறான். அவள் பதினாறு வருடம் காவல் இருந்தது அவனுடைய பொருளுக்கு அல்ல. அவளுக்கென்று வைத்த பொருளுக்கு. மகளும் கிடங்குக்குள் இறங்கி, தாயின் விரலைப் பிடித்துத் தானும் அந்த எழுத்தைத் தடவினாள்.

பரலின் இடுப்பில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. அடியில் தண்ணீர் நிறைந்து, டீசல் மேலே ஏறி நின்றது. சின்னராசா குழாய் போட்டு இறைத்துத் தந்தார். மண்ணுக்குள் ஊறியிருந்ததும் கொஞ்ச நாள் கசிந்தது. உருளை அதையும் வழித்தது. மாசி பிறந்தபோது காலையில் குளம் சும்மா குளமாகக் கிடந்தது. வாத்துகள் எதையும் மறந்துவிடும்.

கிடங்கை மூடி மட்டம் செய்த அன்று, பனையடித் துண்டை உழுது பயறு போடப்போகிறேன் என்றாள் சிவலட்சுமி. பரலில் எடுத்ததையும் குளத்தில் வழித்ததையும் கான்களில் அடையவிட்டு, நாலு மடிப்பு வேட்டித் துணியில் மூன்று தரம் வடித்து வைத்திருந்தாள் கிருசாந்தி. சின்னராசா லாண்ட்மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கானைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“பழசு. எஞ்சின் இருமும். அது பரவாயில்லை தங்கச்சி, திருத்தலாம்.” அவர் தயங்கினார். “ஆனால் புவனேந்திரன்ரை டீசல். அவனைக் கேக்காமல் ஊத்துறமோ எண்டு ஒரு மாதிரிக் கிடக்கு.”

“இல்லை அண்ணை,” என்றாள் சிவலட்சுமி. “இது என்ரை. பேர் போட்டிருக்கு.”

அவளே ஊற்றினாள். லாண்ட்மாஸ்டர் மூன்று தரம் இருமி, நாலாம் தரம் பிடித்தது. புகை எழும்பி வளவெல்லாம் பரவ, கிருசாந்தி விலகாமல் அதற்குள்ளேயே நின்று மூச்சை இழுத்தாள். “விடுங்கோ, முதல் உழவுச்சால் நான் போறன்,” என்று சிவலட்சுமி கைபிடியை வாங்கினாள். சின்னராசா பக்கத்திலேயே நடந்தார், ஒரு கையைக் கிட்ட வைத்தபடி.

மொட்டைப்பனையடியில் தொடங்கிக் கிழக்கே போனாள். வழக்கத்தில் கால் தானாக எண்ணியது. பதினெட்டு, பத்தொன்பது. இருபதாவது எட்டில் அவள் நிற்கவில்லை.